தூர இருந்து கடைக் கணினியைத் திறக்கும் முறை



கடைக்காரனுடைய கண் கடையில் இருக்க வேண்டும் என்று நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். முன்னாளில் முதலாளி வெளியூர் போனால் பெட்டியடியை நம்பிக்கையான ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, கடிதத்தையும் தந்தியையும் எதிர்பார்த்துக் காத்திருப்பார். இன்று பேரேடு, பற்று வரவு, சரக்கிருப்பு, கொள்முதல் பட்டியல் யாவும் கணினிக்குள் போய்விட்டன. ஆகவே கடையில் கண்ணை வைப்பது என்றால், கடையிலுள்ள கணினியில் கண்ணை வைப்பது என்றே பொருளாகிவிட்டது. வீட்டிலோ வெளியூரிலோ இருந்துகொண்டு கடைக் கணினியின் திரையை நம் கணினியில் வரவழைத்து, நேரில் அமர்ந்திருப்பது போலவே வேலை செய்யும் முறைக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். அதனைச் செய்யும் விதத்தை இக்கட்டுரையில் கூறப் புகுகின்றோம்.

பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நமக்கு நன்கு அறிமுகமான ஒரு பலசரக்கு வணிகர். கடை பினாங்கில், அவர் குடியிருப்பது கோலாலம்பூரில். கடையில் விண்டோஸ் கணினி. வீட்டில் மகன் வாங்கி வைத்த மேக் கணினி. “தம்பி, அது ஒரு சாதி, இது ஒரு சாதி. இரண்டும் ஒன்றோடொன்று பேசுமா?” என்று நம்மிடம் கேட்டார். “பேசும் காக்கா, அது பெரிய காரியமில்லை” என்றோம். பிறகு கணினி தெரிந்த ஒருவர் கடைக்கு வந்து, ரௌட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, அரை மணி நேரத்தில் வேலையை முடித்துப் போனார். “இப்படி வாசலைத் திறந்து வைக்கலாமா?” என்று காக்கா நம்மை மறுபடி கேட்டார். “எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று சொல்லிவிட்டோம். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறோம்.

சில மாதங்கள் நன்றாக நடந்தது. ஒரு நாள் காலை கணக்குப்பிள்ளை கணினியைத் திறந்தார். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் மாறியிருந்தன. பணம் கட்டினால்தான் கணக்கைத் திறந்து தருவோம் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு திரையில் நின்றது. கடவுச்சொல்லாக இருந்தது கடையின் பெயரும் அதனோடு மூன்று எண்களும். நகல் எடுத்து வைத்த தட்டும் அதே கணினியில் செருகியபடியே இருந்ததால் அதுவும் போயிற்று. பழைய பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி எழுதினார்கள். கடன் சரக்கு வாங்கியவர்களிற் பலர் ஒப்புக்கொண்டு கொடுத்தார்கள், சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்து இல்லாத கடனை எப்படிக் கேட்பது?

கணக்குப் போவது பண நட்டத்தோடு முடிவதில்லை. மலேசியாவில் வரிக்குரிய கணக்குகளை 7 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். எனவே, இரண்டு கணினிகளையும் பேச வைப்பது பாடத்தின் பாதி. வேண்டாதவன் அந்தப் பேச்சில் நுழையாமல் காப்பது மறு பாதி. இரண்டையும் சேர்த்தே படிப்போமாக.

பொது மொழி எது?

கணினி இயங்குவதற்கு அடிப்படையாக உள்ளே இருக்கும் ஏற்பாட்டை இயங்குதளம் என்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றே நம் கடைகளிலும் வீடுகளிலும் பெரும்பாலும் காணப்படுவன. இவை உள்ளமைப்பில் வேறு வேறு. ஆனால் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சந்தையில் கூடும்போது பொதுவான ஒரு மொழியில் விலை பேசி முடிப்பதில்லையா? அதே போல, இயங்குதளங்கள் வேறானாலும் இரண்டு கணினிகளுக்கும் பொதுவான ஒரு பேச்சு முறை இருந்தால் போதும். அத்தகைய முறைகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை.

முதலாவது ஆர்.டி.பி. இது மைக்ரோசாப்ட் கம்பெனி ஏற்படுத்தியது. 1998-ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.டி. 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு வெளிவந்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. புரொபெஷனல் வந்தபோது சாதாரண மேசைக் கணினிக்கும் கிடைத்தது. இதன் வாசல் எண் 3389.

இரண்டாவது வி.என்.சி. இது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் 1990-களில் உருவானது. அதைச் செய்தவர்கள் எல்லோருக்கும் இலவசமாகவே வெளியிட்டமையால், ஏறக்குறைய எல்லா இயங்குதளத்துக்கும் அது பரவியது. மேக் கணினியில் 2007 முதல் உள்ளேயே அமைந்திருக்கும் ஸ்கிரீன் ஷேரிங் என்னும் வசதியும் இம்மொழியைப் பேசக்கூடியதே. இதன் வாசல் எண் 5900.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை வணிகர் ஒருவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஆர்.டி.பி. வழியே சாதாரண விண்டோஸ் கணினிக்குள் நாம் நுழைந்தால், கடையில் அதன் முன் அமர்ந்திருப்பவருடைய திரை பூட்டிக்கொள்ளும். அஃதாவது, அவரை எழுப்பிவிட்டு நாற்காலியில் நாம் உட்காருவது போல. வி.என்.சி. வழியே நுழைந்தாலோ, இருவரும் ஒரே திரையைப் பார்ப்போம். அது அவர் பக்கத்தில் நின்று கணக்கைப் பார்ப்பது போல. ஆகையால் வாடிக்கையாளர் நிற்கும் நேரத்தில் பில் போடும் கணினிக்குள் ஆர்.டி.பி. மூலம் நுழைவது தகாது; பெட்டியடியில் இருப்பவர் திகைத்துப் போவார். கடை அடைத்த பிறகு கணக்குப் பார்க்க ஆர்.டி.பி. மிக நல்லது. அது வேகமாகவும் இருக்கும். கடைக் கணினியிலுள்ள பட்டியலை நம் வீட்டு அச்சுப்பொறியில் அச்சிடவும் உதவும்.

தொடங்குமுன் நான்கு சோதனை

முதலில், கடைக் கணினியின் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். செட்டிங்ஸ் என்பதில் சிஸ்டம் என்பதற்குள், அபௌட் என்ற பகுதியில் எழுதியிருக்கும். ஹோம் பதிப்பாக இருந்தால் ஆர்.டி.பி. மூலம் பிறரை உள்ளே விடாது. புரோ பதிப்பு வேண்டும். வெளியே போய்ப் பிற கணினியைத் திறப்பதற்கு ஹோம் பதிப்பே போதும். இதை அறியாமல் ஒரு நாள் முழுவதும் வீணாக்கியவர்கள் பலர்.

இரண்டாவது, அக்கணினி விண்டோஸ் 10 ஆக இருந்தால், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை மறவாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியைத் தொலைவிலிருந்து திறக்கும்படி வைப்பது, தாழ்ப்பாள் உடைந்த கதவுக்குப் பூட்டு மாட்டுவது போலாகும். விண்டோஸ் 11-க்கு மாற்றுங்கள். அல்லது மைக்ரோசாப்ட் தரும் நீட்டிப்புத் திருத்தங்களுக்குப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, கணினி உறங்கிவிட்டால் தூரத்திலிருந்து எழுப்புவது எளிதன்று. செட்டிங்ஸில் பவர் என்ற பகுதிக்குச் சென்று, மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது உறங்காதவாறு அமைத்துவிடுங்கள். திரை அணையலாம், கணினி உறங்கலாகாது.

நான்காவது, கணினிக்கு உண்மையான கடவுச்சொல் இருக்க வேண்டும். நாள்தோறும் நான்கு எண்ணைத் தட்டித் திறப்பவர்கள் அதையே கடவுச்சொல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண் அந்தக் கணினியின் முன் அமர்ந்து திறப்பதற்கு மட்டுமே, ஆர்.டி.பி. அதை ஏற்காது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லே வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் அது உள்ளே விடாது.

முதற் பாடம்: கடையில் விண்டோஸ், வீட்டில் மேக்

கடைக் கணினியில் செட்டிங்ஸ், அதனுள் சிஸ்டம், அதனுள் ரிமோட் டெஸ்க்டாப் என்ற பகுதிக்குச் சென்று விசையை ஆன் செய்யுங்கள். அங்கேயே யார் யார் நுழையலாம் என்ற பட்டியல் ஒன்று உண்டு. நிர்வாகி உரிமையுள்ள கணக்குகள் தாமாகவே நுழைய முடியும். நாம் சொல்லுவது யாதெனில், கணக்குப் பார்ப்பதற்கென்று நிர்வாகி உரிமையற்ற தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி, அதன் பெயரை அப்பட்டியலில் சேர்த்து, அதையே பயன்படுத்துங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு வையுங்கள். எல்லோருக்கும் ஒரே சாவி என்பது கூடாது. ஆள் மாறும்போது அவருடைய கணக்கை மட்டும் நீக்கிவிடலாம்.

நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் என்ற ஒன்று அங்கே ஆன் ஆகியிருக்கும். அதை அணைக்கச் சொல்லி யார் சொன்னாலும் அணைக்காதீர்கள். வந்தவன் யார் என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் பிறகு உள்ளே விடும் ஏற்பாடு அது.

பிறகு அக்கணினியின் ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.20 என்பது போல இருக்கும். ரௌட்டர் இம்முகவரியை அவ்வப்போது மாற்றிவிடக் கூடும். ஆகவே ரௌட்டரின் அமைப்பில் அக்கணினிக்கு இம்முகவரியையே நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

இனி மேக் கணினிக்கு வருவோம். ஆப் ஸ்டோரில் மைக்ரோசாப்ட் வெளியிட்டுள்ள விண்டோஸ் ஆப் என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். முன்பு மைக்ரோசாப்ட் ரிமோட் டெஸ்க்டாப் என்றிருந்ததே 2024 செப்டம்பரில் இப்பெயர் பெற்றது. அதில் புதிய கணினியைச் சேர்க்கும் இடத்தில் அந்த ஐ.பி. முகவரியையும், மேற்சொன்ன கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் கடைத் திரை உங்கள் முன் வந்து நிற்கும்.

முதன்முறை இணையும்போது, இக்கணினியின் சான்றிதழை உறுதிப்படுத்த இயலவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். கடைக் கணினி தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது. ஆகையால் இவ்வெச்சரிக்கை இயல்பானதே. ஆனாலும் முதல் இணைப்பை வீட்டிலிருந்து செய்யாமல், மேக் கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று, அங்குள்ள வைஃபையிலேயே செய்து பாருங்கள். இரு கணினியும் கண்ணெதிரே இருக்கும்போது ஏமாற இடமில்லை. பிழை வந்தாலும் எந்தப் பக்கத்தில் என்று உடனே தெரியும்.

இரண்டாம் பாடம்: லினக்ஸ் கணினிகள்

பழைய கணினியை வீசிவிடாமல் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தும் சிக்கனக்காரர்கள் நம்மில் உண்டு. லினக்ஸிலிருந்து கடையின் விண்டோஸைத் திறப்பதற்கு ரெம்மினா என்ற இலவசச் செயலி நன்று. அதில் ஆர்.டி.பி. என்பதைத் தேர்ந்து, முன் சொன்ன மூன்று விவரங்களையும் கொடுத்தால் முடிந்தது.

மறுதலையாக, கடையில் லினக்ஸும் வீட்டில் விண்டோஸும் இருந்தால் என் செய்வது? உபுண்டு என்னும் லினக்ஸின் 22.04 பதிப்பு முதல் ஆர்.டி.பி. மொழி அதற்குள்ளேயே வந்துவிட்டது. அதன் செட்டிங்ஸில் தேடினால் ரிமோட் டெஸ்க்டாப் என்பது கிடைக்கும். அங்கே தரப்படும் பெயரும் கடவுச்சொல்லும் கணினியின் சொந்தக் கடவுச்சொல்லினின்று வேறானவை என்பதைக் கவனியுங்கள். 24.04 பதிப்பில் டெஸ்க்டாப் ஷேரிங், ரிமோட் லாகின் என்று இரு பிரிவுகள் இருக்கும். முன்னது, கடையில் ஒருவர் திறந்து வைத்திருக்கும் திரையைப் பகிர்வது. பின்னது, யாரும் திறக்காதபோதும் நாம் புதிதாக நுழைவது. விண்டோஸ் பக்கத்தில் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் என்ற பழைய செயலியே போதும். பிற லினக்ஸ் வகைகளுக்கு எக்ஸ்.ஆர்.டி.பி. என்ற இலவசச் சாதனம் உண்டு.

மூன்றாம் பாடம்: கடையில் மேக், வீட்டில் விண்டோஸ்

மேக் கணினி தானாக ஆர்.டி.பி. மொழியில் பிறரை உள்ளே விடுவதில்லை. ஆகவே இங்கு வி.என்.சி.யே வழி. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் என்ற வரிசையிற் சென்று ஸ்கிரீன் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். அதன் விவரப் பகுதியில், வி.என்.சி. பார்வையாளர்கள் கடவுச்சொல் கொண்டு நுழையலாம் என்பதையும் தேர்ந்து, ஒரு கடவுச்சொல்லைக் கொடுங்கள். விண்டோஸ் பக்கத்தில் டைகர் வி.என்.சி. அல்லது ரியல் வி.என்.சி. வியூவர் போன்ற ஒரு பார்வைச் செயலியை, அவரவர் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள்.

இங்கு ஒரு குறையை மறைக்காமற் சொல்ல வேண்டும். பழைய வி.என்.சி. முறையின் கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் வரும். இருபது எழுத்துக் கொடுத்தாலும் எட்டுக்கு மேல் பயனில்லை. தவிரவும், அம்முறையின் அடிப்படை வடிவத்தில், திரையில் ஓடும் செய்தி மறையெழுத்தாக்கப்படாமலே செல்லும். அஃதாவது, தபாலில் உறையில்லாத அட்டை போல. ஆகவே வி.என்.சி.யைத் தனியே வெளியில் அனுப்பலாகாது. கீழே சொல்லப்போகும் காப்புப் பாதைக்குள்ளேதான் அனுப்ப வேண்டும்.

தமிழ் எழுத்துகளைப் பற்றி

சரக்குப் பெயர்களைத் தமிழில் எழுதி வைக்கும் கடைகள் இன்றும் உள்ளன. அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கணினியில் நகலெடுத்து மறு கணினியில் ஒட்டும்போது, ஆர்.டி.பி. வழியே தமிழ் எழுத்துகள் பழுதின்றிப் போகும். வி.என்.சி.யின் மூல இலக்கணத்திலோ, இவ்விதம் ஒட்டும் எழுத்துகள் மேற்கு ஐரோப்பிய எழுத்து வரிசைக்குள் அடங்கியவையாக இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே “மல்லி 5 மூட்டை” என்று நகலெடுத்தால், எண் மட்டும் வந்து, பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் நிற்கக் கூடும். புதிய செயலிகள் சில இக்குறையைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. எனினும் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் விலைப்பட்டியலை ஒட்டிவிடாதீர்கள். சந்தேகமானால் கோப்பாகவே அனுப்பிவிடுங்கள். கோப்புக்குள் இருக்கும் தமிழுக்குக் கேடில்லை. தூரத்திலிருந்து தமிழில் தட்டெழுத வேண்டுமானால், கடைக் கணினியிலும் தமிழ் விசைப்பலகையை நிறுவி வைப்பது நலம்.

கடைத் தெருவும் தனிச் சந்தும்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே வைஃபைக்குள் நடப்பது. கடை பினாங்கிலும் வீடு கோலாலம்பூரிலும் இருக்கும்போது என்ன செய்வது? காக்காவின் கடை விழுந்தது இந்த இடத்திலேதான்.

இதற்கு எளிதான வழி என்று பலர் செய்வது, ரௌட்டரில் 3389 என்னும் வாசலை உலகத்துக்கே திறந்துவிடுவது. இணையத்தில் திறந்திருக்கும் வாசல்களைத் தேடிக்கொண்டு இரவு பகலாய்ச் சுற்றும் இயந்திரங்கள் பல உண்டு. அவை உங்கள் கடையை அறியா. உங்கள் பெயரையும் அறியா. தெருவிலுள்ள ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்ப்பவன் போல, ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்க்கும். திறந்திருந்தால் கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும். “நம் சின்னக் கடையில் யாருக்கு என்ன அக்கறை?” என்பது இங்கே செல்லாது. வாசல் எண்ணை வேறொன்றாக மாற்றினால் போதும் என்பாரும் உளர். கதவை நீல வண்ணத்திலிருந்து பச்சைக்கு மாற்றினால் திருடன் ஏமாறுவானா?

கடவுச்சொல் வலிதாக இருந்தாலும் போதாது. 2019 மே மாதத்தில் புளூகீப் என்று பெயரிடப்பட்ட ஒரு பழுது பழைய விண்டோஸ்களின் ரிமோட் டெஸ்க்டாப் பகுதியில் வெளிப்பட்டது. கடவுச்சொல்லே தெரியாதவனும் அதன் வழியே உள்ளே நுழையக் கூடும் என்ற நிலை. ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அத்தகைய பழுது இனி ஒருபோதும் வராது என்று எவர் உறுதி கூற முடியும்? தெருவைப் பார்த்துக் கதவு இல்லாவிட்டால், பூட்டில் பழுது வந்தபோதும் வெளியாள் அதைத் தொட முடியாது.

நிற்க. சரியான வழி யாதெனில், வீட்டுக்கும் கடைக்கும் இடையே நமக்கே உரிய ஒரு தனிச் சந்தை ஏற்படுத்திக்கொள்வது. அதுவே வி.பி.என். இதற்கென்று உள்ள வயர்கார்டு என்னும் முறை 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் கைப்பேசிக்கும் செயலிகளும் உண்டு. சில ரௌட்டர்களிலேயே இவ்வசதி அமைந்திருக்கிறது. ரௌட்டரில் கை வைக்கத் தயங்குவோருக்கு, வயர்கார்டையே அடிப்படையாகக் கொண்ட டெய்ல்ஸ்கேல் என்னும் சேவை எளிது. கடைக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் அதை நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைய வேண்டும். அப்போது ஒவ்வொரு கணினிக்கும் 100 என்று தொடங்கும் தனி முகவரி ஒன்று கிடைக்கும். விண்டோஸ் ஆப், ரெம்மினா, வி.என்.சி. எதுவானாலும், முன்பு 192.168 என்று கொடுத்த இடத்தில் இம்முகவரியைக் கொடுத்தால் போதும். ரௌட்டரில் எந்த வாசலையும் திறக்க வேண்டியதில்லை. செல்வது எல்லாம் மறையெழுத்தாகவே செல்லும், வி.என்.சி.யின் குறையும் இதனால் மூடப்பட்டுவிடும்.

லினக்ஸ், மேக் தெரிந்தவர்களுக்கு இன்னொரு பாதையும் உண்டு. பின்லாந்து நாட்டு டாட்டு யிலோனன் 1995-இல் ஏற்படுத்திய எஸ்.எஸ்.எச். என்பதன் வழியே ஒரு குழாய் அமைத்து, வி.என்.சி.யை அதற்குள் அனுப்பலாம். ஆனால் அதற்கும் வெளியே ஒரு வாசல் வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு கொண்டே அதைத் திறக்கும்படி வைக்க வேண்டும். புதியவர்கள் வி.பி.என்.னோடு நிற்பதே உத்தமம்.

தனிச் சந்தின் தலைச்சாவி, நீங்கள் அதில் நுழையப் பயன்படுத்தும் கணக்கே ஆகும். அது கூகுள் கணக்கோ மைக்ரோசாப்ட் கணக்கோ, இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள். மடிக்கணினி தொலைந்தால் அன்றைக்கே பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.

அழையாத விருந்தாளி

டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற சேவைகளும் உண்டு. இவை எல்லா இயங்குதளத்திலும் ஓடும், அமைப்பதும் எளிது. வணிகக் காரியத்துக்குப் பயன்படுத்துவோர் கட்டண விதிகளைப் படித்துவிட்டுத் தொடங்குக. இச்செயலிகளிற் குற்றமில்லை, ஆனால் இவற்றின் எளிமையே மோசடிக்காரர்களுக்கும் வசதியாகிவிட்டது. “பாங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்தச் செயலியைப் போட்டு அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்று ஒருவன் பேசுவான். எண்ணைச் சொன்ன கணமே திரை அவன் கைக்குப் போய்விடும். பாங்க்குக் கணக்கு அத்திரையிலேதான் திறந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரு விதி: நாமாக அழைத்தவர் தவிர வேறு எவருக்கும் திரையைக் கொடுக்கலாகாது. இவ்விதியைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். முதலாளி இல்லாத நேரம் பார்த்துத்தான் அழைப்பு வரும். ஏமாந்துவிட்டதாக அறிந்தால், முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அடுத்துப் பாங்கை அழையுங்கள். மலேசியாவில் 997 என்ற எண்ணிலும், சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணிலும் மோசடிக்கான உதவி கிடைக்கும். வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தினால் பணம் கைமாறிப் போய்விடும்.

முடிவுரை

சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுவோம். இயங்குதளம் வேறாயிருப்பது தடையன்று. மொழி ஒன்றாயிருந்தால் போதும். விண்டோஸும் லினக்ஸும் உள்ளே விடுவதற்கு ஆர்.டி.பி.; மேக் உள்ளே விடுவதற்கு வி.என்.சி. முதற் சோதனை கடையிலேயே நடக்கட்டும். ஆளுக்கு ஒரு கணக்கு, நீண்ட கடவுச்சொல். தெரு வாசல் திறக்கலாகாது. தனிச் சந்து வழியே செல்க. கணக்கின் நகலைத் தனித் தட்டில் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி, வேறிடத்தில் வைத்திடுக.

காக்காவின் கடை இன்று எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். இம்முறை நாமே பினாங்குக்குப் போய், ஒரு பிற்பகல் முழுவதும் உடனிருந்து அமைத்துக் கொடுத்தோம். ரௌட்டரில் திறந்திருந்த வாசலை அவர் கையாலேயே மூடச் செய்தோம். வெள்ளிக்கிழமைதோறும் கணக்குப்பிள்ளை நகலெடுத்து, தட்டைக் கழற்றித் தம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இரவு ஒன்பதுக்குக் கடை அடைத்தபின், கோலாலம்பூரில் காக்கா அன்றைய சிட்டையைத் தம் மேக் கணினியில் வரி வரியாகப் பார்க்கிறார்.

கடை முதலாளி ஒருவர் உங்களிடம் வந்து “இது சரிதானா?” என்று கேட்டால், நாம் அன்று சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தால் உடனிருந்து செய்து கொடுங்கள். ஒருவருடைய கணக்கு அவருடைய வாழ்நாள் உழைப்பன்றோ?